அம்பாசிடருக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

உடுமலைப்பேட்டை,
10.10.1996

சென்னியப்பனுக்கு அக்காள் செல்லாத்தாள் எழுதுவது.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை. காரியமாக எழுதுகிறேன். போனில் கூப்பிடலாம்தான். போனில் நீ வாயைத் திறந்தால் எனக்கு அழுகை வரும். நான் அழுதால் உன் மச்சான் தேங்காய் மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருவார். அதனால் தபால்.

நந்திதாவுக்கு மாநில சைக்கிள் போட்டியில் பெயர் வந்திருக்கிறது. டிசம்பர் ஒன்றாம் தேதி, உங்கள் கோயமுத்தூரிலேயே. போன மாதம் ஈரோட்டுப் போட்டிக்குச் சைக்கிளைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு போனோம். தாராபுரத்தில் எவனோ ஒரு மகராசன் வாழைத்தாரை அதன் தலைமேல் ஏற்றிவிட்டான். இறக்கிப் பார்த்தால் கியர் வளைந்து சங்கிலி தொங்குகிறது. பாதி ஓட்டத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அழுதபடி வந்தாள். "இனிமே பஸ்ல ஏத்துனீங்கன்னா நான் ஓட்டவே மாட்டேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

காரில் கொண்டுபோகலாம் என்று உன் மச்சானிடம் கேட்டேன். அவருக்கு அம்பாசிடர் என்றால் மூத்த பிள்ளை மாதிரி. "வண்டில ஒரு ஓட்டை போடக்கூடாது. பெயிண்டுல ஒரு கீறல் உழுகக்கூடாது. அப்பிடியொரு கேரியர் இருந்தா மாட்டிக்குங்க. இல்லாட்டி அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்கிறார். அடுத்த வருடம் அவள் பெரியவர்களோடு ஓட வேண்டும். இந்த வயசுப் பிரிவில் இதுதான் கடைசி.

கணபதியில் பட்டறை போட்டுப் பம்புசெட்டுக்கு பிரேம் அடிக்கிறவன் நீ. உனக்குத் தெரியாத கேரியரா? கடையில் கிடைத்தால் எது நல்லது என்று பார்த்துச் சொல். கிடைக்காவிட்டால் அடித்துக் கொடு.

நீ வரலட்சுமியைக் கட்டிக்கொள்வதாக அவள் வீட்டில் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குச் சொன்னதற்கு, ஆடி மாதம் நான் என்ன சொன்னேனோ அதுதான் இன்றைக்கும். உன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவளாக இணைச்சீருக்கு நான் வந்து நிற்க மாட்டேன். அது வேறு, இது வேறு. இது உன் மருமகளுக்கு.

செல்லாத்தாள்


கோயமுத்தூர்,
14.10.1996

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று பேர் பார்க்கப் பட்டறை வாசலிலேயே நின்று படித்தேன். காரியமாகத்தானே எழுதினீர்கள். எனக்கு அதுவே போதும்.

மார்க்கெட்டில் சுற்றிப் பார்த்துவிட்டேன். கார்ச் சாமான் விற்கிறவர்கள் சைக்கிள் மாட்டுகிற கேரியர் என்றதும் சிரிக்கிறார்கள். ஒரு கடைக்காரர், "ஏனுங்க, சைக்கிள் இருக்கறப்ப காரு எதுக்கு, காரு இருக்கறப்ப சைக்கிள் எதுக்குங்க?" என்று கேட்டார். வெளிநாட்டுப் படப் புத்தகம் ஒன்று ஒருவரிடம் கிடைத்தது. அதைப் பார்த்தும், என் புத்தியில் பட்டதை வைத்தும் எழுதுகிறேன்.

முதலாவது, தலைக்கு மேலே. அம்பாசிடருக்குக் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம் இருக்கிறதல்லவா, அதில் கவ்வி நிற்கிற மாதிரி கேரியர். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நிற்க வைத்து இறுக்கிவிடலாம். ஓட்டை வேண்டியதில்லை. ஆனால் தூக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மரக்கிளை, தாழ்வான வாசல் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டும்.

இரண்டாவது, டிக்கிக் கதவில் பட்டையைக் கொக்கி போட்டு மாட்டுவது. எளிது. ஆனால் பட்டை பெயிண்டில் உரசும். மச்சான் உரசலைக் கண்டால் என்னை மண்டிக்குள்ளேயே விடமாட்டார்.

மூன்றாவது, பின்பம்பரைப் பிடித்திருக்கிற இரும்பில் போல்ட்டு போட்டு இரண்டு கைகளை நிமிர்த்தி, அதில் சைக்கிள் பாரைத் தொங்கவிடுவது. மாருதியாக இருந்தால் நான் துணிய மாட்டேன். அம்பாசிடர் பம்பர் நம் ஊர்க் கிணற்று மோட்டாரையே தாங்கும். வரலட்சுமிக்கும் இதுதான் சரி என்று படுகிறது. அவளும் எங்கள் மாதிரி பட்டறை வேலை தெரிந்தவள்தான், பம்புக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். சும்மா சொல்லவில்லை.

உங்களுக்கு எது தோதோ சொல்லுங்கள். பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரம், அகலம் எவ்வளவு என்று அளந்து அனுப்புங்கள். நானே வந்து அளப்பேன். நீங்கள் வரச் சொல்ல வேண்டுமே.

கல்யாணம் டிசம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை என்று நிச்சயம் பண்ணியிருக்கிறது. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி
சென்னியப்பன்


உடுமலைப்பேட்டை,
21.10.1996

சென்னியப்பனுக்கு,

நேற்று ஆயுத பூஜை. உன் மச்சான் விடிவதற்கு முன்னாலேயே காரைக் கழுவ ஆரம்பித்து, டிக்கியில் இருந்த சாக்கு, கயிறு, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தினார். நல்ல சமயம் என்று தையல்காரர் டேப்பை வாங்கிவந்து நானும் நந்திதாவும் அளந்தோம். அளவையெல்லாம் அவள் தனித்தாளில் படத்தோடு போட்டிருக்கிறாள்.

தலைக்கு மேலே வேண்டாம். எங்கள் கார் ஷெட்டு உத்தரம் உனக்குத் தெரியும், உன் மச்சானே குனிந்துதான் போவார். மறந்து உள்ளே விட்டால் உத்தரமும் போகும், சைக்கிளும் போகும். அதைவிட, அவள் ஒருத்தியாக மாட்டிக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். எந்நேரமும் எவனாவது வந்து தூக்கிக் கொடுப்பான் என்று நின்றுகொண்டிருந்தால் அவள் என்ன சைக்கிள் பந்தயக்காரி?

டிக்கிக் கதவில் பட்டையும் வேண்டாம். ஆக மூன்றாவதுதான். வரலட்சுமி சொன்னாள் என்பதற்காக இல்லை. நானாக யோசித்துச் சொல்கிறேன்.

இணைச்சீருக்கு நம் சித்தப்பா மகள் சித்திகாவை நிறுத்திக்கொள். அவளும் உனக்குத் தங்கச்சி முறைதான். போட்டோவில் நன்றாகவும் விழுவாள்.

செல்லாத்தாள்


கோயமுத்தூர்,
4.11.1996

அன்பு அக்காவுக்கு,

கேரியர் பாதி ஆகிவிட்டது. நல்ல கனமான பைப். இரண்டு கைகள், சைக்கிள் பார் உட்காருகிற இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். சைலன்சர் சூட்டில் டயர் வேகாமல் இருக்க ஒரு பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். சைக்கிள் தொங்கினால் நம்பர் பிளேட்டு மறையும், போலீஸ்காரர் பிடிப்பார். அதற்காகக் கேரியரிலேயே இன்னொரு பிளேட்டு மாட்ட இடம் விட்டிருக்கிறேன். சைக்கிள் தொங்கும்போது டிக்கியைத் திறக்க முடியாது. வைக்க வேண்டியதை முன்னாலேயே வைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் குறை.

நந்திதா போட்ட படம் அருமை. பம்பரின் வளைவைக்கூட விடவில்லை. அவளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சித்திகா விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் பக்கத்தில் வந்து நின்று, கூறைச்சேலையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை மாப்பிள்ளையும் பிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். எனக்குக் கூடப்பிறந்தவள் நீங்கள் ஒருத்திதான். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டது நீங்கள். வேறொருத்தியை அந்த இடத்தில் நிறுத்த மாட்டேன். நீங்கள் வராவிட்டால் இணைச்சீரே இல்லாமல் தாலி கட்டுவேன். வரலட்சுமியின் அப்பா நரசிம்மலு, "எங்க பக்கம் இந்தச் சீரு கிடையாதுங்க தம்பி. நீங்க எப்பிடிச் செய்யணுமோ அப்பிடிச் செய்ங்க, நாங்க காத்துட்டிருக்கோம்" என்கிறார். வேற்றுப் பாஷைக்காரர் காத்திருக்கிறேன் என்கிறார். நீங்கள் மாட்டேன் என்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

கேரியரைப் பன்னிரண்டாம் தேதி பஸ் பார்சலில் போடுகிறேன்.

சென்னியப்பன்


உடுமலைப்பேட்டை,
16.11.1996

சென்னியப்பா,

கேரியர் வந்தது. நந்திதா ஒருத்தியே ஸ்பேனரைப் பிடித்து மாட்டிவிட்டாள். உன் மச்சான் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, கையால் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் "பரவால்ல" என்றார். சைக்கிளை மாட்டித் தளி ரோட்டில் போய்விட்டு வந்தோம். ஆடவில்லை, உரசவில்லை. வேலை சுத்தம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

இனி மற்றது. பார்சல் சாக்கைப் பிரித்தால் கேரியர், அதற்குள் நட்டு போல்ட்டு பொட்டலம், அதற்குள் கல்யாணப் பத்திரிகை. ஏனப்பா, உனக்குக் கொஞ்சமாவது இருக்கிறதா? ஊர் உலகத்துக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்ப் பத்திரிகை கொடுப்பாய். இணைச்சீர்காரிக்கு மட்டும் வாஷரோடு சேர்த்துப் பஸ்ஸில் போட்டுவிடுவாயா? அந்தப் பத்திரிகையின் ஒரு மூலையில் கிரீஸ் வேறு. மஞ்சள் தடவ வேண்டிய இடத்தில் கிரீஸ்!

உனக்கு இன்னும் புரியவில்லை. அவள் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண் என்பதா என் கோபம்? எங்கள் மண்டியில் பாதிப் பேர் அந்தப் பாஷை பேசுகிறவர்கள்தான். பெண் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டாயா? பூ வைக்கப் போகும்போது கூப்பிட்டாயா? எல்லாம் முடிந்த பிறகு "அக்கா, முடிஞ்சுபோச்சுங்" என்றாய். முடிந்துபோன காரியத்துக்கு நான் எதற்கு?

பத்திரிகையைச் சாமி அலமாரியில் வைக்கவில்லை. டீவி மேல் கிடக்கிறது.

செல்லாத்தாள்


கோயமுத்தூர்,
20.11.1996

அக்காவுக்கு,

பத்திரிகையை அப்படி அனுப்பியது மகா முட்டாள்தனம். வரலட்சுமி அன்றைக்கே திட்டினாள். "அக்காவுக்கு யாராவது பார்சல்ல அனுப்புவாங்களா?" என்று கேட்டாள். ஆடியில் நீங்கள் "இந்த வாசப்படிய மிதிக்காத" என்றீர்களே, அந்தப் பயம். நேரில் வந்து நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டால் அதைத் தாங்குகிற தைரியம் எனக்கு இல்லை. பெண் பார்க்க உங்களைக் கூப்பிடாததற்கும் அதுதான் காரணம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், உங்களை மீறவும் முடியாது, அவளை விடவும் முடியாது. கேட்காமலே இருந்துவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலை போட்டி தொடங்குகிற இடத்தில் நிற்பேன். நீங்கள் என்னோடு பேச வேண்டாம். நந்திதா ஓட்டுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

சென்னியப்பன்


கோயமுத்தூர்,
2.12.1996

அக்காவுக்கு,

இரவெல்லாம் யோசித்தேன். எங்கே தப்பு நடந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

உங்கள் கார் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது சைக்கிளின் பின்சக்கரத்தைத்தான். ரிம் கோணியிருந்தது. கிணத்துக்கடவு வேகத்தடையில் அடித்துவிட்டது என்று மச்சான் சொன்னார். நந்திதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வரலட்சுமி சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள, நான் கம்பிகளைத் திருகிக் கோட்டம் எடுத்தேன். முழுக்க எடுக்க நேரமில்லை. மிச்சக் கோட்டம் பிரேக் கட்டையில் உரசும் என்று பின்பிரேக்கைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டச் சொன்னேன். எல்லோரும் போன பிறகு கடைசியாகக் கிளம்பி ஒன்பதாவதாக வந்தாள். சக்கரம் நன்றாக இருந்திருந்தால் முதல் மூன்றுக்குள் வந்திருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் புளியமரத்தடியிலேயே நின்றீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

தப்பு இதுதான். நீங்கள் பம்பரை அளந்தது டிக்கி காலியாக இருந்த நாளில். தளி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோதும் காலி. நேற்று வண்டியின் பின்புறத்தைப் பார்த்தேனே, ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கிக் கிடந்தன. பின்சீட்டில் தேங்காய் மூட்டைகள். மச்சானுக்குப் போட்டி நாளன்றுமா யாவாரம்? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. மகள் வாழ்க்கையில் ஒரு தடவை ஓடுகிற நாளில் தேங்காய் விற்காவிட்டால் என்ன குறைந்துபோகும்?

ஆனால் குற்றம் என்னுடையதும்தான். பாரம் ஏற்றினால் எவ்வளவு இறங்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கைகளை உயர்த்தித் திருப்பி அடித்துத் தருகிறேன். இல்லாவிட்டால் தலைக்கு மேலே மாட்டுகிறதைச் செய்து தருகிறேன். நந்திதாவிடம் மாமன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லுங்கள்.

சென்னியப்பன்


உடுமலைப்பேட்டை,
5.12.1996

சென்னியப்பா, கண்ணு,

மச்சானை ஒரு வார்த்தை சொல்லாதே. நான் நடந்ததை எழுதுகிறேன்.

உனக்குத்தான் தெரியுமே, அவர் வெறும் டிக்கியோடு எந்த உறவுக்காரர் ஊருக்கும் போனதில்லை. இது நமக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். அளந்த எனக்கும் தோன்றவில்லை, அடித்த உனக்கும் தோன்றவில்லை. முந்தின நாளே டிக்கியில் எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்டிவிட்டார். விடியற்காலையில் நந்திதா சைக்கிளை மாட்டினாள். மாட்டிய பிறகு டிக்கியை யார் திறப்பது? வண்டி கொஞ்சம் தாழ்ந்தாற்போல் இருக்கிறதே என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஏறு" என்றார்.

கிணத்துக்கடவில் டமார் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் ரோட்டில் உரசிக் கோணிவிட்டது. சைக்கிளைக் கழற்றி டிக்கியைத் திறந்தோம். அடைக்க அடைக்கத் தேங்காய். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோடு என்றுகூடப் பார்க்கவில்லை, கத்திவிட்டேன். "புள்ளை ஓடற அன்னைக்கு யாருக்குங்க இத்தனை தேங்காய்?"

அவர் மூட்டையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் புள்ள. தாம்பூலப் பைக்கு. சொல்லாமக் கொள்ளாம அவனூட்டுல இறக்கிப்போட்டு வந்தரலாம்னு பாத்தேன். நீ போகாட்டியும் தேங்காயாச்சும் போகட்டும்."

மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு கோயமுத்தூர் வரைக்கும் அழுதேன், சாமி. புளியமரத்தடியில் நான் உன் பக்கம் திரும்பாமல் நின்றது கோபத்தில் இல்லை. திரும்பியிருந்தால் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் உன்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதிருப்பேன். நந்திதா ஓடப் போகிற நேரத்தில் அது வேண்டாம் என்று நின்றேன். உன்னெதிரில் தேங்காயை இறக்க உன் மச்சானுக்குக் கூச்சம். அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து மண்டியில் இறக்கியிருக்கிறார்.

நந்திதா முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் உன் கேரியரைக் கழற்றி வைத்துக்கொண்டு, கைகளை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வேண்டாமாம், இதையே சரிசெய்தால் போதுமாம். ஒன்பதாவது வந்ததற்காக உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. "மாமன் கோட்டம் எடுத்துக் குடுக்காட்டி நான் கெளம்பியே இருக்கமாட்டேனுங்கம்மா" என்கிறாள். அடுத்த வருடம் பெரியவர்களோடு ஓடுகிறேன் என்கிறாள். ஓடட்டும். போல்ட்டு போடப் பத்தாவிட்டால் வண்டியில் ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உன் மச்சானே சொல்லிவிட்டார்.

வரலட்சுமி வெளிர்நீலச் சேலை கட்டியிருந்தாள். சைக்கிளைப் பிடித்ததில் முந்தானை முழுக்க கிரீஸ். அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, நந்திதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு அப்புறம் சோப்புப் போடச் சொல்.

பயந்து பயந்துதான் கேட்காமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்திருப்பேன். மூன்றாம் நாள் எழுந்து, பெண் வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு உன்னோடு வந்திருப்பேன். அந்த இரண்டு நாளை எனக்குக் கொடுத்திருக்கலாம் நீ.

சரி. ஞாயிற்றுக்கிழமை சமைத்து வைக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வா. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நானும் அவரும் நிற்க, "எங்க கல்யாணத்துக்கு வாங்க அக்கா" என்று வாயால் கூப்பிடு. கூப்பிட்டால் இணைச்சீருக்கு நான் நிற்பேன். இதற்குப் பதில் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே. கிளம்பி வா.

உன் அக்காள்
செல்லாத்தாள்